பாலையும் நீரையும் தொட்டறியும் கண்ணாடி இழை

பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலில் காலையும் மாலையும் ஒரு வினா எழுகின்றது. குடிநீர்க் கிணற்றின் அருகிலும் அதே வினா எழுகின்றது. இதில் என்ன கலந்திருக்கிறது என்பதே அது. பாலைப் பொறுத்தவரை பால்மானியும் கொழுப்புப் பரிசோதனையும் ஓரளவுக்கு விடை கூறுகின்றன. நீரைப் பொறுத்தவரை, புட்டியில் நிரப்பிப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறோம். பொருளைத் தொட்ட அளவிலேயே அதில் கலந்துள்ளவற்றைக் கூறவல்ல ஒரு கண்ணாடி இழையைப் பற்றி இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். இதன் ஆராய்ச்சியில் முன்னணியில் நிற்பது பிரான்ஸ் நாட்டின் பிரிட்டனிப் பிரதேசத்திலுள்ள ரென் நகரப் பல்கலைக்கழகம். அப்பிரதேசம் கறவை மாடுகளுக்கும் பால் உற்பத்திக்கும் பெயர் பெற்றது என்பது நமது விவசாயிகளுக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தியாகும்.

இதனை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒளியைக் கொண்டு எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று கூறிக்கொண்டு கருவிகளைத் தூக்கி வருவோர் பஞ்சாயத்து அலுவலகங்களுக்கு வரத்தான் செய்கின்றனர். ஊர்ப் பணத்தைச் செலவிடும் பொறுப்பிலுள்ள உறுப்பினர்கள், ஒளி எதனைக் காணும், எதனைக் காணாது என்பதை அறிந்திருப்பது அவசியம்.

1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தி, விரிந்து விழுந்த ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், எந்த நிறமும் தென்படாத இடத்தில் வைத்த உஷ்ணமானி மற்றவற்றைவிட அதிகமாக ஏறிற்று. கண்ணுக்குப் புலனாகாத அந்த ஒளியே அகச்சிவப்புக் கதிர் எனப்படுவது. செங்கற் சூளையின் முன் நின்றால், காற்று நம்மை நோக்கி வீசாதபோதும் முகத்தில் அனல் அடிப்பதை நாம் அறிவோம். அந்த அனலில் பெரும்பகுதி இக்கதிர்தான். ஒளி என்பது அலை. கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்குக் குறைவு. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமக்கு இங்கே வேண்டிய அகச்சிவப்புக் கதிர்களின் அலைநீளமோ 2 முதல் 12 மைக்ரான் வரை செல்கின்றது.

இக்கதிர்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. பொருள்கள் யாவும் மூலக்கூறுகளால் ஆனவை. மூலக்கூறுகள் அணுக்களின் பிணைப்பால் ஆனவை. அப்பிணைப்புகள் விறைத்த கம்பிகள் அல்ல. ஊஞ்சற் கயிறுகளைப் போல இடைவிடாது ஆடிக்கொண்டே இருப்பவை. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைந்த சமயத்தில் தள்ளினால்தான் அது உயரச் செல்லும். சமயம் தப்பித் தள்ளினால் கைதான் வலிக்கும். அவ்வாறே ஒவ்வொரு பிணைப்பும் தன் ஆட்டத்துக்கு இசைந்த அலையை மட்டும் உட்கொள்கின்றது. பிற அலைகளைப் போக விட்டுவிடுகின்றது. 6 மைக்ரான் அலைநீளமுள்ள கதிர் நொடிக்கு 50 லட்சம் கோடி முறை அதிரும் என்றால், எத்தகைய வேகத்தில் இவ்வூஞ்சல்கள் ஆடுகின்றன என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே, ஒரு பொருளின் வழியே அகச்சிவப்புக் கதிர்களைச் செலுத்தி, மறுபுறம் வந்து சேராத அலைகள் யாவை என்று பார்த்தால், அதனுள் எந்தப் பிணைப்புகள் உள்ளன என்பது தெரிந்துவிடும். விஞ்ஞானிகள் இதனைப் பொருளின் கைரேகை என்றே அழைக்கின்றனர்.

பாலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பாலின் கொழுப்பு ஏறத்தாழ 5.7 மைக்ரான் அலையை உட்கொள்கின்றது. புரதம் 6.5 மைக்ரான் அளவிலும், பாற்சர்க்கரை 9.6 மைக்ரான் அளவிலும் உட்கொள்கின்றன. 1960-களில் இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு அருகிலிருந்த தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோல்டன் என்னும் விஞ்ஞானி இம்மூன்று அலைகளையும் கொண்டே பாலின் கொழுப்பு, புரதம், சர்க்கரை மூன்றையும் அமிலமோ அமைல் ஆல்கஹாலோ இன்றி ஒரே கருவியில் அளக்கலாம் என்று காட்டினார். இன்று உலகெங்கும் பெரிய பால்பண்ணைகளில் உள்ள அகச்சிவப்புப் பால் பரிசோதனைக் கருவிகள் அந்த வழியில் வந்தவையே. நமது கிராமச் சங்கங்களில் பரவலாகக் காணப்படும் சிறு பெட்டிகள் பலவும் அவ்வினத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை பாலினூடே கேளா ஒலியைச் செலுத்தி அளப்பவை. இரண்டும் மேசை மேல் வைக்கும் பெட்டிகள்தாம் என்பதால் ஒன்றென எண்ணிவிடலாகாது.

பால்மானியை ஏமாற்றுவது கடினமன்று என்பதை நாம் சொல்லி நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நீர் சேர்த்தால் டிகிரி இறங்கும். சர்க்கரையையோ உப்பையோ யூரியாவையோ கரைத்தால் அது மீண்டும் ஏறும். பால்மானி அறிவது பாலின் அடர்த்தி ஒன்றையே. புரதத்தை அளப்பதற்கென்று நைட்ரஜனை அளக்கும் ரசாயன முறையுங்கூட, யூரியாவிலுள்ள நைட்ரஜனைப் புரதத்தின் கணக்கில் சேர்த்துவிடும். அகச்சிவப்புக் கதிரோ யூரியாவின் பிணைப்பை யூரியாவாகவும் புரதத்தின் பிணைப்பைப் புரதமாகவும் காண்கின்றது. நேர்மையாகப் பால் ஊற்றும் உறுப்பினருக்கு இதனால் விளையக்கூடிய நன்மை சிறிதன்று. அயலார் கலப்படம் செய்த பால் ஒரே கேனில் கலந்துவிட்டால், இதர சத்து குறைந்துவிட்டதென்று வெட்டப்படும் விலை அனைவர் தலையிலும் விழுகின்றது அல்லவா?

இத்தனை நற்குணமுள்ள முறையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. நீரே அகச்சிவப்புக் கதிர்களைப் பேராவலுடன் உட்கொள்ளும் பொருள். 3 மைக்ரானிலும் 6 மைக்ரானிலும் அதன் பசி மிக அதிகம். நீர் கலந்த எப்பொருளையும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கினும் மெல்லிய படலமாக்கினாலன்றிக் கதிர் மறுபுறம் வந்து சேராது. ஆகவே மாதிரியை எடுத்து, வடிகட்டி, மிக நுண்ணிய இடைவெளியுள்ள கண்ணறைக்குள் செலுத்த வேண்டியிருந்தது. கண்ணறை அடைத்துக்கொள்வதும் உண்டு. பொருளைக் கருவியிடம் கொண்டு செல்வதற்குப் பதிலாக ஒளியைப் பொருளிடம் கொண்டு செல்ல இயலாதா என்னும் எண்ணத்தில் பிறந்ததே கண்ணாடி இழை உணர்கருவி.

ஒளி நேர்கோட்டில் செல்வது. ஆயினும் அதனை வளைந்த பாதையில் அழைத்துச் செல்லலாம் என்பதை 1841-இல் ஜெனீவா நகரில் டேனியல் கொலடான் என்பவர் கீழ்நோக்கி வளைந்து விழும் நீர்த்தாரை ஒன்றின் உள்ளே ஒளியைச் செலுத்திக் காட்டினார். அடர்ந்த பொருளினுள் செல்லும் ஒளி, அதன் ஓரத்தைச் சாய்வாகச் சென்று முட்டினால் வெளியேறாமல் உள்ளேயே திருப்பப்படும். கண்ணாடி இழையிலும் ஒளி இவ்வாறே சுவருக்குச் சுவர் முட்டி முட்டி முன்னேறுகின்றது.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. வாய்க்காலில் நீர் ஓடும்போது கரையைத் தாண்டி வெளியே ஓடுவதில்லை. ஆயினும் கரையின் மண் சிறிது தூரம் ஈரமாகிவிடுகின்றது. அந்த ஈரத்தை எட்டும் அளவுக்கு வேரோடியுள்ள செடி அதனைக் குடிக்கின்றது. எட்டாத செடி வாடுகின்றது. கரையோரச் செடிகள் குடித்த அளவு கடைமடைக்கு வந்து சேரும் நீரில் குறைகின்றது. ஒளியும் அவ்வாறே. இழையின் சுவரில் முட்டித் திரும்பும் ஒவ்வொரு முறையும் அது சுவருக்கு வெளியே ஒரு மைக்ரான் அளவுக்குத் தலைநீட்டிவிட்டே திரும்புகின்றது. அந்த ஒரு மைக்ரான் தூரத்துக்குள் யூரியாவின் மூலக்கூறு இருந்தால், அது தனக்குரிய அலையைக் குடித்துவிடும். இழையின் மறுமுனையில் அந்த அலை மட்டும் குறைந்து வந்து சேரும். மறுமுனையில் எந்த அலை எவ்வளவு குறைந்தது என்று அளப்பதே இக்கருவியின் வேலை. வெளியே எட்டும் தூரம் மிகக் குறைவாதலால் நீர் எல்லா ஒளியையும் விழுங்கிவிடுவதில்லை. மாதிரியை மெல்லிய படலமாக்க வேண்டிய தொல்லையும் தீர்ந்தது. இழையை நீருக்குள் முக்கினாலும் போதும். ஒரு துளியை இழையின் மேல் வைத்தாலும் போதும்.

இழை எந்தக் கண்ணாடியால் ஆனது என்பது அடுத்த வினா. பஞ்சாயத்து அலுவலகங்களுக்கு இணையத் தொடர்பைக் கொண்டுவரும் ஒளியிழை, சிலிகா என்னும் தூய மணற்சத்தால் ஆனது. இத்தகைய இழையில் நெடுந்தூரம் செய்தி அனுப்ப இயலும் என்று 1966-இல் சார்ல்ஸ் காவோ எடுத்துக் காட்டினார். அதற்காக 2009-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய சிலிகா இழையில் ஒளி 15 கிலோமீட்டர் சென்ற பின்னரும் பாதி எஞ்சியிருக்கும். அத்தகைய உத்தமமான கண்ணாடி, 2 மைக்ரானைத் தாண்டிய அகச்சிவப்புக் கதிருக்கு வெகு விரைவில் சுவராகிவிடுகின்றது. காரணம் வேறொன்றுமன்று. சிலிக்கனும் ஆக்ஸிஜனும் இறுகப் பிணைந்து ஆடும் ஆட்டமே அக்கதிர்களைக் குடித்துவிடுகின்றது. பொருளின் கைரேகையைக் காண வந்த ஒளியைக் கண்ணாடியே விழுங்கிவிட்டால் என் செய்வது?

இதற்கு விடை, கனமான அணுக்களும் தளர்ந்த பிணைப்புகளும் உள்ள கண்ணாடியைச் செய்வதுதான். பாரம் ஏறிய ஊஞ்சல் மெதுவாக ஆடும். மெதுவாக ஆடும் பிணைப்பு நீண்ட அலைகளையே குடிக்கும். நமக்கு வேண்டிய அலைகளை வழிவிட்டுவிடும். ஆகவே ஆக்ஸிஜனை நீக்கிவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த கந்தகம், செலினியம், டெல்லூரியம் ஆகியவற்றை ஆர்சனிக், ஜெர்மானியம் போன்றவற்றுடன் சேர்த்துக் கண்ணாடி செய்தனர். கந்தகக் கண்ணாடி சிவந்த நிறத்துடன் கண்ணுக்கு ஓரளவு தெளிவாக இருக்கும். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த அக்கண்ணாடியின் சேர்மானம், நமது சித்த வைத்தியர்கள் தாளகம் என்று கூறும் மஞ்சள் பாஷாணத்தின் சேர்மானமேயாகும். இக்கண்ணாடியிலிருந்து 1965-ஆம் ஆண்டளவிலேயே இழை இழுத்துக் காட்டியவர்களுள் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி ஒருவர். ஒளியிழை இயலின் முன்னோடி என்று போற்றப்படும் அவருக்கு மறைவுக்குப் பின் 2021-இல் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

ரென் நகரின் கதை 1974-இல் தொடங்குகின்றது. பூலேன் சகோதரர்களும் ழாக் லூகாவும் சிர்க்கோனியம் ஃபுளோரைடைக் கொண்டு படிகம் ஒன்றைத் தயாரிக்க முயன்றபோது, எதிர்பாராத வகையில் புதுவிதக் கண்ணாடி ஒன்று கிடைத்தது. அது சிலிகாவைவிட நீண்ட அலைகளுக்கு வழிவிட்டது. அதன்பின் லூகாவும் அவரைச் சார்ந்தோரும் டெல்லூரியக் கண்ணாடிகளுக்குச் சென்றனர். டெல்லூரியம் 2 பங்கு, ஆர்சனிக் 3 பங்கு, செலினியம் 5 பங்கு என்னும் அணுக் கணக்கில் சேர்ந்த கண்ணாடியே இன்று உணர்கருவி இழைகளுக்குப் பெரிதும் பயன்படுவது. உலோகம் போலக் கறுத்துப் பளபளக்கும் இதனூடே கண்ணால் எதையும் காண இயலாது. எனினும் 2 மைக்ரானிலிருந்து ஏறத்தாழ 11 மைக்ரான் வரை அகச்சிவப்புக் கதிருக்கு இது திறந்த வாசல்.

இதனைச் செய்யும் முறை பொற்கொல்லர் வேலையை ஒத்த பொறுமை வேண்டுவது. மிகத் தூய மூலகங்களை நிறுத்து, காற்று முற்றும் அகற்றப்பட்ட சிலிகாக் குழாயில் இட்டு, வாயை உருக்கி மூடுகின்றனர். பின்னர் அதனை ஆடும் உலையில் வைத்து, 600 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் பல மணி நேரம் இருபுறமும் சாய்த்துச் சாய்த்து உருக்குகின்றனர். சிறிதளவு ஆக்ஸிஜனோ ஈரமோ உள்ளே தங்கிவிட்டால், அதுவே பிற்காலத்தில் ஒளியைக் குடித்துப் பொய்ச் சாட்சி சொல்லும். ஆதலால் கலவையைக் காய்ச்சி வடித்துத் தூய்மை செய்வதும் உண்டு. உருகியதைச் சடுதியில் குளிர்வித்துத் தண்டாக்கி, அத்தண்டின் நுனியை இளகவைத்து இழையாக இழுக்கின்றனர். சிலிகாவை இழுக்கச் சுமார் 2000 டிகிரி உஷ்ணம் வேண்டும். இதற்கு அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போதும். ஆகவே கொதிக்கும் எண்ணெயருகே இவ்விழையைக் கொண்டு செல்லலாகாது. இழையின் கனம் 400 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பொருளைத் தொடும் பகுதியை மட்டும் 100 மைக்ரான் அளவுக்கு மெலிதாக்குகின்றனர். குறுகிய வாய்க்காலில் நீர் கரையை அடிக்கடி மோதுவது போல, மெலிந்த இழையில் ஒளி சுவரில் பன்முறை முட்டுகின்றது, உணர்திறன் கூடுகின்றது.

இவ்விழைகளைக் கொண்டு அங்கே நடந்த சோதனைகள் பலதரப்பட்டவை. நொதிக்கும் கலத்தினுள் இழையை இட்டு, சர்க்கரை குறைந்து சாராயம் பெருகுவதை, மாதிரி எதுவும் எடுக்காமலே தொடர்ந்து கவனித்தனர். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் என்னும் கூழ்ப் பரப்பில் பாக்டீரியாக் கிருமிகள் கூட்டமாகப் படர்வதை, பரப்பின்மீது இழையைப் படியவைத்து ஆராய்ந்தனர். ரத்தத்தின் தெளிநீரில் ஒரு துளியை இழையின்மேல் இட்டு, ஈரல் நோயின் சாயல் அதில் தெரிகின்றதா என்று மருத்துவர்களுடன் சேர்ந்து பார்த்தனர். பெட்ரோலியம் சார்ந்த கழிவுகளும் குளோரின் கலந்த கரைப்பான்களும் நீரில் கலந்திருப்பதையும் கண்டறிந்தனர். வேற்றுக் கிரகங்களில் உயிர் உண்டா என்று காண ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் வகுத்த டார்வின் என்னும் திட்டத்துக்காகவும் இதுபோன்ற டெல்லூரியக் கண்ணாடி இழைகள் ஆராயப்பட்டன. திட்டம் 2007-இல் கைவிடப்பட்டது. கண்ணாடி ஆராய்ச்சி கைவிடப்படவில்லை.

இனி, பஞ்சாயத்து உறுப்பினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். சில காலத்துக்கு முன் நமது வட்டாரத்தில் விற்பனையாளர் ஒருவர் கையடக்கமான ஒளிக்கருவி ஒன்றைக் காட்டி, குடிநீரிலுள்ள ஃபுளோரைடு உட்பட யாவற்றையும் அகச்சிவப்பு ஒளியாலேயே அது கூறிவிடும் என்றார். அங்கிருந்த வார்டு உறுப்பினரான ஓர் அம்மையார், "ஒரு குடத்தில் உப்பைக் கரைத்துத் தருகிறோம், எவ்வளவு என்று சொல்லுங்கள்" என்று கேட்டார். விற்பனையாளர் பேச்சை மாற்றிவிட்டார். அம்மையார் கேட்டது விஞ்ஞான முறைப்படியும் சரியான கேள்வியே. அகச்சிவப்புக் கதிர் காண்பது பிணைப்பின் ஆட்டத்தை. நீரில் கரைந்த சோற்றுப்பு தனித்தனி அணுக்களாகப் பிரிந்து மின்னேற்றத்துடன் நிற்கின்றது. ஆடுவதற்குப் பிணைப்பு ஏது? ஃபுளோரைடும் அவ்வாறே, ஈயமும் அவ்வாறே. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடுப் பிரச்சினைக்கு இவ்விழை நேராக உதவாது. நைட்ரேட்டு பல அணுக்கள் பிணைந்தது, அதனை 7.4 மைக்ரான் அளவில் காணலாம். பாலில் உப்பைக் கரைத்தாலும் இதே கதைதான். அதற்கு மின்சாரம் கடத்தும் தன்மையை அளப்பதே ஏற்ற வழி.

நுண்ணளவு என்பது இரண்டாவது தடை. நீரில் பத்து லட்சத்தில் சில பங்கு கலந்துள்ளதை இழை காணக்கூடும். பூச்சிமருந்துகளுக்குக் குடிநீரில் விதிக்கப்படும் வரம்போ அதனினும் ஆயிரம் மடங்கு சிறிய அளவுகளில் நிற்பது. இதற்குப் பரிகாரமாக, நீரை ஒட்டவிடாத பாலிமர்ப் பூச்சு ஒன்றை இழையின்மேல் பூசுகின்றனர். நீர் விலகி நிற்க, எண்ணெய்த் தன்மையுள்ள மாசுகள் மட்டும் பூச்சினுள் ஊறிச் சேருகின்றன. சேர்ந்து செறிந்த பின் கண்டறிவது எளிதாகின்றது. சேர்வதற்குக் காலம் பிடிக்கும்; எல்லா மருந்தும் சேராது. கிணற்று நீரில் விரல்விட்டு எண்ணக்கூடிய கிருமிகள் இருந்தால் அவற்றையும் இது காணாது. அவற்றைப் பெருக்கிக் காட்டும் பழைய வளர்ப்பு முறையே வேண்டும்.

பாலிலும் ஒரு சிக்கல் உண்டு. பாலின் கொழுப்புத் துளிகள் சராசரியாக 3 அல்லது 4 மைக்ரான் குறுக்களவு உள்ளவை. இழையின் ஒளியோ ஒரு மைக்ரான் தூரமே எட்டும். துளியின் தோலைத்தான் அது தொடும். கொழுப்பைச் சரியாகக் கணக்கிட வேண்டுமாயின் பாலை முன்னதாக நுண் துளிகளாக உடைத்துக்கொள்ள வேண்டும். அன்றியும் பசும்பாலுக்கு ஒழுங்கு செய்த கணக்கு எருமைப்பாலுக்குப் பொருந்தாது. ஆகையால் எந்த ஒளிக்கருவியானாலும், அதனை எந்தப் பாலைக் கொண்டு, எந்த ரசாயன முறையுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள், எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்பது சங்கத்தின் உரிமை.

விலையும் பராமரிப்பும் இன்னும் கிராமத்துக்கு எட்டியதாக இல்லை. கதிரைத் தருவது செந்தணலாகக் காயும் சிறு தண்டு. அதற்கு வரும் செலவு பெரிதன்று. மறுமுனையில் கதிரை அளக்கும் உணர்கருவியை, நுட்பமான வேலைகளில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனைக் கொண்டு குளிர்விக்க வேண்டியிருக்கிறது. சினை ஊசிக்காகக் கால்நடை மருந்தகங்களில் வைத்திருக்கும் அதே திரவந்தான்; எனினும் நாள்தோறும் அதனை ஊற்றிக்கொண்டிருக்கச் சங்கத்தால் ஆகுமா? இழையும் எளிதில் ஒடிவது. அதில் ஒளி சில மீட்டர் தூரமே பயனுடன் செல்லும். ஆர்சனிக் கலந்ததாகையால் ஒடிந்த துண்டுகளைக் குப்பையில் எறியலாகாது.

இக்குறைகளைக் களையும் வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. 1994-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையில் உருவான குவாண்டம் காஸ்கேட் லேசர் என்னும் சிறு சில்லு, வேண்டிய ஓர் அலையை மட்டும் வலிமையுடன் தரவல்லது. காயும் தண்டின் இடத்தில் அதனை வைத்தால் திரவ நைட்ரஜனின்றியே அளக்கக்கூடிய சிறு கருவிகளைச் செய்யலாம்; அத்தகைய சோதனைகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. ஆனால் ஒரு சில்லு குறுகிய அலை வரிசை ஒன்றையே தரும். யூரியாவுக்கு ஒன்று, சர்க்கரைக்கு வேறொன்று எனத் தேவைப்படலாம். இதற்கிடையே நமது ஊர்களில் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் நீரைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஐந்து பெண்களிடமும் உள்ள சோதனைப் பெட்டி ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் ரசாயன நிறமாற்றத்தால் காட்டுகின்றது. அதன் மருந்துப் புட்டிகளில் காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருக்கும்; அடுத்த கூட்டத்துக்கு முன் அதனை எடுத்துப் பார்த்து, தேதி கடந்திருந்தால் உடனே வட்டார அலுவலகத்துக்கு எழுதும்படி தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.